களத்தின் ஓரத்தில் ஆசான்

ஒரு கலையை நன்கு கற்றல் அரிது. கற்றதனைப் பிறர்க்குக் கற்பித்தல் அதனினும் அரிது. கற்பித்த மாணவரைப் போட்டிக் களத்திற்கு அழைத்துச் சென்று, அவர் பொருதும்போது அருகிருந்து நெறிப்படுத்துதல் இவ்விரண்டினும் அரிது. களத்தில் நிற்பவனுக்குக் கையும் காலும் துணை நிற்கும். களத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஆசானுக்கோ கண்ணும் சொல்லுமே துணை. அச்சொல்லும் காலமும் அளவும் அறிந்து சொல்லப்படுதல் வேண்டும். ஜப்பான் நாட்டில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள ஜூடோ என்னும் மற்கலையின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாக விளங்கக் காணலாம்.

ஜூடோவைத் தோற்றுவித்தவர் கானோ ஜிகோரோ என்னும் பெரியார். அவர் 1860ஆம் ஆண்டில், இன்று கோபே நகரின் ஒரு பகுதியாக உள்ள மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் அவர் மெலிந்த உடலினர். கல்வியில் சிறந்தவராயினும் உடல் வலிமை மிக்க மாணவர் சிலரால் துன்புறுத்தப்பட்டார். மெலியவனும் வலியவனை வீழ்த்த வழி செய்யும் கலையொன்று உண்டு எனக் கேள்வியுற்று, ஜூஜுத்சு என்னும் பழைய மற்போர்க் கலையைக் கற்க அவர் விரும்பினார். அக்காலத்தில் அக்கலை மக்களால் மதிக்கப்படாமல் நலிவுற்றிருந்தது. பலவிடங்களில் தேடி அலைந்த பின்னரே ஃபுகுடா ஹாச்சினோசுகே என்னும் ஆசானை அவர் அடைந்தார்.

அவ்வாசானிடம் கானோ பயின்ற முறை கருதத்தக்கது. ஒரு நாள் ஆசான் புதியதோர் உத்தியால் அவரைத் தரையில் வீழ்த்தினார். கானோ விரைந்தெழுந்து, கையை எங்ஙனம் வைத்தல் வேண்டும், காலை எங்ஙனம் ஊன்றுதல் வேண்டும் என வினவினார். ஆசான் அவரை அருகே அழைத்து மீண்டும் ஒருமுறை வீழ்த்தினார். கானோ மறுபடியும் அவ்வினாவையே எழுப்பினார், மறுபடியும் வீழ்த்தப்பட்டார். வினவுவதனால் மட்டும் இக்கலை விளங்காது என்பதும், பன்முறை செய்து பழகுதலே வழி என்பதும் அவ்வாசானின் கருத்து.

அக்கருத்தில் உண்மை உண்டு. நீந்துதலைப் போலவே மற்போரையும் உடலால் பழகித்தான் கற்றல் கூடும். ஆயினும் கானோவின் உள்ளம் அவ்வளவில் அமைதி கொள்ளவில்லை. பெரிய உடலினனைச் சிறிய உடலினன் வீழ்த்துவது எதனால் என்னும் வினா அவரை விடாது தொடர்ந்தது. 1879ஆம் ஆண்டில் ஃபுகுடா மறைந்த பின்னர், இசோ மசாதோமோ என்பவரிடமும், அவரும் மறைந்த பின்னர் இக்குபோ சுனேதோஷி என்பவரிடமும் அவர் பயின்றார். எதிராளியின் நிலையை முதலில் குலைத்துவிட்டால், நிலை குலைந்தவனைச் சிறு முயற்சியாலேயே வீழ்த்தலாம் என்பதனை ஆராய்ந்து கண்டறிந்தார். ஒரு நாள், முன்னெல்லாம் தம்மால் அசைக்கவும் இயலாதிருந்த இக்குபோவையே அவர் இம்முறையால் பலமுறை வீழ்த்தினார். ஆசான் வியந்து காரணம் கேட்க, கானோ தாம் கண்டதனை விளக்கிக் கூறினார். அதனைக் கேட்ட இக்குபோ, இனி அவருக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்று உவந்து ஒப்புக்கொண்டார். மாணவனிடம் தோற்றமைக்கு நாணாமல் அவன் வளர்ச்சியில் மகிழ்ந்த அவ்வாசானின் பெருந்தன்மை, பயிற்றுவிக்க விரும்புவோர் அனைவர்க்கும் முதற்பாடமாகும்.

1882ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில், எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலின் ஓர் அறையில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு இடத்தில் கானோ தம் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். அதற்குக் கோடோகான் என்று பெயர். நெறியைக் கற்கும் இல்லம் என்பது அதன் பொருள். பழைய உத்திகளுள் உயிர்க்கும் உறுப்புக்கும் ஊறு விளைப்பனவற்றைப் பயிற்சிப் போரினின்றும் விலக்கினார். எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி, ஏன், எப்படி என்னும் வினாக்களுக்கு விடை கூறிக் கற்பித்தார். ஆற்றலை நன்முறையில் முழுதும் பயன்படுத்துதல், தாமும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்னும் இரண்டனையும் தம் கலையின் கொள்கைகளாக வகுத்தார். கானோ தொழிலாலும் ஆசிரியரே. ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்தரப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். அதனால்தான் ஜூடோவில் போராளியின் இலக்கணத்தோடு ஆசிரியரின் இலக்கணமும் பிணைந்து நிற்கிறது.

போட்டியில் மாணவரை நெறிப்படுத்தக் கற்க விரும்புபவன் முதலில் போட்டியின் விதிகளை ஐயமற அறிதல் வேண்டும். ஜூடோப் போட்டி பாய்கள் பரப்பிய சதுரக் களத்தில் நிகழ்வது. இருவரும் ஒருவரையொருவர் வணங்கித் தொடங்குவர், வணங்கி முடிப்பர். எதிராளியை விரைவும் வலிமையும் தோன்ற, தன் பிடியினின்றும் நழுவவிடாது, முதுகு தரையில் படும்படி வீழ்த்தினால் அதற்கு 'இப்போன்' என்று பெயர். அதனோடு போட்டி முடிந்துவிடும். எதிராளியை மல்லாக்க வைத்து இருபது நொடி எழவொட்டாமல் அழுத்திப் பிடித்தாலும் முழு வெற்றியே. வளர்ந்தோர் போட்டியில் கழுத்துப் பிடியாலோ முழங்கைப் பூட்டாலோ எதிராளியைப் பணியச் செய்தலும் உண்டு. பிடியில் அகப்பட்டவன் தன் கையால் எதிராளியின் உடலையோ பாயையோ தட்டுவானாயின், அவன் தோல்வியை ஒப்புக்கொண்டான் என்பது பொருள். தட்டிய அக்கணமே பிடி விடப்படும். நடுவர் 'ஹாஜிமே' என்றால் தொடங்குதல் வேண்டும். 'மத்தே' என்றால் நிறுத்துதல் வேண்டும். இவற்றையெல்லாம் புதிய மாணவனுக்குப் பழக்கிய பின்னரே அவனைப் போட்டிக்கு அழைத்துச் செல்லுதல் முறை.

இவை யாவற்றினும் முன்னதாகக் கற்பிக்கத்தக்கது ஒன்றுண்டு. அது விழக் கற்றல். ஜப்பானியர் அதனை 'உகெமி' என்பர். பின்புறம் விழுங்கால் மோவாயை மார்போடு சேர்த்துத் தலையை உயர்த்திக்கொள்ளுதல், கையால் பாயை அறைந்து வீழ்ச்சியின் வேகத்தைப் பரப்புதல், உடலை உருளச் செய்தல் ஆகியன அதன் கூறுகள். வீழ்த்தக் கற்பவன் வெற்றி பெறுவான்; விழக் கற்பவனே நலமாக இல்லம் திரும்புவான். வெற்றியின் மேல் நாட்டம் மிகும்போது இச்சிறு பயிற்சி எளிதிற் புறக்கணிக்கப்படும். அதனால் விளையும் கேடோ மிகப் பெரிது.

ஜூடோவின் தாயகத்திலேயே இக்கேடு நேர்ந்தது. 1983ஆம் ஆண்டிற்கும் 2011ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ பயின்ற மாணவருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் தலையில் ஊறுபட்டு மாண்டோர் பலர். கலையில் புதியராய் முதலாண்டில் பயின்றோரும் பலர். தலை தரையில் மோதினால்தான் கேடு என்பதில்லை. உடல் விரைந்து சுழன்று வீழுங்கால் மண்டையோட்டினுள் மூளை அசைகிறது. அவ்வசைவினால், மூளையினின்றும் வெளிச்செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுபடக்கூடும். கசியும் குருதி மண்டையோட்டினுள் தேங்கி மூளையை நெருக்கும். பின்புறமாகக் காலை வாரி வீழ்த்தும் உத்தியே இத்தகைய ஊறுகளுக்குப் பெரிதும் காரணமாயிற்று என்று கண்டறிந்தனர். பயிற்சிக்குப் பின் தலைவலி என்று கூறும் சிறுவனைச் சோம்பேறி என்று கடிந்து மீண்டும் பாயில் நிறுத்துதல், அறியாமையால் செய்யும் பெருந்தீங்காகும். அவனை உடனே ஓய்வில் இருத்தி மருத்துவரிடம் காட்டுதலே ஆசானின் கடமை.

2012ஆம் ஆண்டில் ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் போர்க்கலைப் பயிற்சி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு 2013ஆம் ஆண்டில் பயிற்றுவிப்போர்க்குத் தகுதிச் சான்று வழங்கும் முறையைத் தொடங்கியது. ஒருவன் கருங்கச்சை அணிந்த வீரன் என்பதே அவன் பயிற்றுவிக்கப் போதிய தகுதியாகாது என்று அதனால் உறுதியாயிற்று. பயிற்றுவித்தல் தனியே கற்கத்தக்க ஒரு கலை என்பதனை அந்நாடு பல இளம் உயிர்களை இழந்த பின்னரே முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இனி, போட்டி நாளில் ஆசான் ஆற்றும் பணிகளைக் காணலாம். புதிதாக நெறிப்படுத்தக் கற்பவன் முதல்நாளே களத்தோர நாற்காலியில் அமர்தல் நன்றன்று. முதிர்ந்த ஆசான் ஒருவர்க்கு உதவியாளனாய்ச் சில போட்டிகளுக்குச் சென்று வருதல் நன்று. மாணவரின் நகங்கள் வெட்டப்பட்டுள்ளனவா, உடை தூயதாய்க் கிழிசலின்றி உள்ளதா, கச்சை இறுகக் கட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தல் அவன் முதற்பணி. எடை நிறுக்கும் நேரம், எந்தக் களத்தில் எவர் எப்போது அழைக்கப்படுவர் என்னும் வரிசை ஆகியவற்றை அவன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பல களங்களில் ஒரே காலத்தில் போட்டிகள் நடைபெறும் பேரரங்கில், தன் பெயர் அழைக்கப்பட்டதை அறியாமல் ஒரு சிறுவன் வாய்ப்பை இழத்தல் கூடும். மாணவர் உரிய நேரத்தில் நீர் பருகவும், சிறிதளவு உண்ணவும், அழைப்பு வருமுன் உடலைச் சூடேற்றிக்கொள்ளவும் செய்தல் வேண்டும். இவை சிறு பணிகள் போலத் தோன்றும். ஆயினும் மாணவனின் மனம் கலங்காமல் இருப்பதற்கு இவையே அடிப்படை.

முதன்முறையாகப் போட்டிக்கு வரும் சிறுவனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழகிய கூடத்தில் அவன் எளிதாகச் செய்த உத்திகள், பேரரங்கின் ஆரவாரத்தில் மறந்துபோகும். வாய் உலரும், கை நடுங்கும், எதிரே நிற்பவன் உருவில் பெரியவனாகத் தோன்றுவான். அந்நேரத்தில் புதிய உத்திகளைக் கற்பிக்கத் தொடங்கும் ஆசான் அவன் கலக்கத்தையே பெருக்குகிறான். அறிவுடைய ஆசான் அவனுக்கு நன்கு பழக்கமான ஓர் உத்தியை மட்டும் நினைவூட்டுவான். ஆழ மூச்சுவிடச் சொல்வான். அச்சம் எல்லார்க்கும் இயல்பே என்றும், எதிரே நிற்பவனும் அஞ்சியே நிற்கிறான் என்றும் எடுத்துரைப்பான். வெற்றி பெற்று வா என்று சொல்வதனினும், பிடியை முதலில் பற்று என்று சொல்வது மாணவனுக்கு மிகுந்த பயன் தரும். முன்னது அவன் கையில் முழுதும் இல்லாதது. பின்னது அவன் உடனே செய்யக்கூடியது.

போட்டி தொடங்கியபின் ஆசானுக்கு உரிய இடம் களத்தோர நாற்காலி. பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பின் விதிப்படி, போட்டி நிகழும்போது ஆசான் வாய் திறத்தல் கூடாது. நடுவர் 'மத்தே' என்று நிறுத்திய இடைவேளையில் மட்டுமே அவன் மாணவனுக்குச் சொல்லலாம். நெறி தவறிக் கூச்சலிடும் ஆசான் எச்சரிக்கப்படுவான். மீண்டும் தவறினால் களத்தினின்றும் வெளியேற்றப்படுவான். இவ்விதி ஆசானின் நாவுக்குக் கடிவாளம் இடுவதோடு மாணவனுக்கும் நன்மை செய்கிறது. ஓயாத கூச்சலுக்குச் செவி கொடுப்பவன் தன் கண்முன் நிகழ்வதைக் காண மாட்டான். தானே எண்ணித் துணியவும் கற்க மாட்டான்.

இடைவேளை சில நொடிகளே நீடிக்கும். உடையைத் திருத்திக்கொண்டு மாணவன் தன் இடத்திற்குத் திரும்புவதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தல் வேண்டும். ஆதலின், ஆசான் சொல்லத்தக்கது ஒரே கருத்து. அதுவும் இரண்டு மூன்று சொற்களில் அமைதல் வேண்டும். 'இடக்கையை உயர்த்து' என்பது பயன்படும் சொல். 'ஏன் இப்படிச் செய்கிறாய்?' என்பது பயன்படாச் சொல். அது மாணவனுக்கு வழியைக் காட்டாமல் குற்றத்தை மட்டும் காட்டுகிறது. போட்டியின்போது வாய் மூடியிருக்கும் ஆசான் உண்மையில் சும்மா இருப்பவன் அல்லன். எதிராளி எக்கையால் பற்றுகிறான், எத்திசையில் நகர்கிறான், எப்போது அவன் நிலை குலைகிறது என்பவற்றையெல்லாம் கூர்ந்து நோக்கி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே அவன் அமைதியின் பயன்.

ஆசான் காணவேண்டியது மற்றொன்றும் உண்டு. அது தன் மாணவனின் முகம். வலி, மயக்கம், அளவுமீறிய அச்சம் ஆகியவற்றை முகமே முதலில் உணர்த்தும். ஊறுபட்ட சிறுவர் பலர், ஆசானும் பெற்றோரும் வருந்துவரே என்று எண்ணி வலியை மறைப்பர். பிடியில் சிக்கினால் தட்டிவிடுதல் இழிவு அன்று என்பதனைப் போட்டிக்கு முன்பே அவர்களுக்கு ஆசான் உறுதியாகக் கூறியிருத்தல் வேண்டும். தட்டியவன் ஒரு போட்டியை இழப்பான். தட்ட மறுத்தவன் முழங்கையை இழக்கக்கூடும். பல நாடுகளில் இளஞ்சிறார் போட்டிகளில் கழுத்துப் பிடியும் முழங்கைப் பூட்டும் விலக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. தலையில் அடிபட்ட மாணவன் மீண்டும் பொருவேன் என்று கண்ணீர் மல்க வேண்டினாலும், அவனைப் போட்டியினின்றும் விலக்கிக்கொள்ளுதலே ஆசானுக்கு அழகு. பதக்கம் மறு ஆண்டும் கிடைக்கும்.

போட்டி முடிந்தபின் ஆசானின் பொறுப்பு மேலும் மிகுகிறது. தோற்றுத் திரும்பும் சிறுவனின் கண்கள் முதலில் தேடுவது ஆசானின் முகத்தை. அம்முகத்தில் சினம் தோன்றினால், தோல்வியோடு இகழ்ச்சியும் சேர்ந்து அவன் உள்ளத்தை வாட்டும். அவன் அழுதால் அழ விடுதல் நன்று. எதிராளியை முறையாக வணங்கி வந்தானா என்று மட்டும் பார்த்து, உளம் ஆறிய பின்னரே பேசுதல் வேண்டும். நன்றாகச் செய்த ஒன்றைச் சுட்டிப் பாராட்டி, இனிப் பழகவேண்டிய ஒன்றை எடுத்துக் கூறினால் போதும். குறைகளின் நீண்ட பட்டியல் பயிற்சிக் கூடத்தில் ஆராய்வதற்கு உரியது. வென்றவனுக்கும் அறிவுரை வேண்டும். தோற்றவன் எதிரே துள்ளிக் குதித்தல் பண்பன்று என்பதனை ஆசான் அவனுக்கு உணர்த்துதல் கடன்.

நடுவரின் தீர்ப்புப் பிழையெனத் தோன்றும் நேரமும் வரும். அப்போது ஆசான் நடுவரை நோக்கிக் கையசைத்துக் கூவினால், மாணவர் அதனையே கற்பர். ஆசான் சொல்லிக் கற்பிப்பவற்றைக் காட்டிலும் நடந்து கற்பிப்பவை மாணவர் உள்ளத்தில் ஆழப் பதியும்.

இந்நெறிகளினின்றும் பெரியோர் வழுவினால் விளைவது யாது என்பதற்கும் ஜப்பானே சான்றாயிற்று. அந்நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல், தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புச் சிறார்க்கு நாடளாவிய ஜூடோப் போட்டி நடைபெற்று வந்தது. காலப்போக்கில் பெரியோர் சிலரின் வெற்றி வேட்கை எல்லை கடந்தது. எடைப் பிரிவில் பொருந்துவதற்காக வளரும் குழந்தைகளை உணவு குறைத்து எடை இழக்கச் செய்தனர். பயிற்றுநரும் பெற்றோரும் குழந்தைகளைக் கடிந்தும், நடுவர்களை இழித்தும் பேசினர். 2022ஆம் ஆண்டில் அனைத்து ஜப்பான் ஜூடோ கூட்டமைப்பு அப்போட்டியையே நிறுத்தியது. அப்போது அதன் தலைவராக விளங்கியவர் யமாஷிதா யாசுஹிரோ. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில், காலில் ஊறுபட்ட நிலையிலும் தங்கப் பதக்கம் வென்ற பெருவீரர் அவர். வெற்றியின் அருமையை அறிந்த ஒருவர் தலைமையிலேயே இம்முடிவு எடுக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது. குழந்தைகளின் போட்டி குழந்தைகளுக்காகவே நடைபெறுதல் வேண்டும். பெரியோரின் பெருமைக்காக அன்று.

நல்லாசிரியரின் பயன் எத்தகையது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதிப் போட்டியில் ஜப்பானிய வீரர் காமினாகா அகியோவும், நெதர்லாந்து வீரர் ஆண்டன் கேசிங்கும் எதிர்நின்றனர். கேசிங்க், மிச்சிகாமி ஹாகு என்னும் ஜப்பானிய ஆசானிடம் பயின்றவர். புடோகான் அரங்கில் திரண்டிருந்த மக்கள் தம் நாட்டவரின் வெற்றியை எதிர்நோக்கியிருந்தனர். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் போர் நீடித்தது. முடிவில் கேசிங்க் காமினாகாவைப் பாயோடு அழுத்திப் பிடித்து வென்றார். அரங்கம் அமைதியில் ஆழ்ந்தது. நெதர்லாந்து நாட்டு ஆர்வலர் சிலர் மகிழ்ச்சி மீதூரக் களத்துள் பாய முற்பட்டனர். கேசிங்க் அக்கணமே கையுயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். பின்னர்த் தோற்றவரோடு முறைப்படி வணங்கி நின்றார். தம் வீரர் தோற்றமைக்கு வருந்திய ஜப்பானியரும் அப்பண்பைப் போற்றினர். பல ஆண்டுகளாக நாள்தோறும் பாயில் கற்ற வணக்கம், வாழ்வின் மிகப் பெரிய வெற்றியின்போதும் அவரை விட்டு நீங்கவில்லை.

களத்தோர நாற்காலியில் அமரக் கற்பவன் நெஞ்சில் இருத்தத்தக்கன இவை. முதலில் விழக் கற்பித்தல். பின்னர் வெல்லக் கற்பித்தல். மிகுதியாகக் காணுதல், குறைவாகப் பேசுதல். வென்றவனைப் பணிவுடையவனாகவும், தோற்றவனை மறுநாள் காலையிலும் கூடத்திற்கு விரும்பி வருபவனாகவும் செய்தல். பன்னிரண்டு பாய்கள் விரித்த கோயில் அறையில் தோன்றிய கலை உலகெங்கும் பரவியது, இத்தகைய ஆசான்கள் தலைமுறைதோறும் தோன்றியதனாலேயே ஆகும். களத்தில் ஒலிக்கும் கைதட்டல் மாணவனுக்கு உரியது. தோற்ற மாணவனும் அச்சமின்றி மீண்டும் களம் புகுதலே ஆசான் பெறும் பரிசு.